ரிப்போர்ட் நார்மல்தான், ஆனால் கூடவே என்ன குடிக்கிறீங்க?

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், வழக்கமாக எங்கள் மெடிக்கலில் மாத்திரை வாங்கும் மாமா ஒருவர் லேப் சீட்டை மேசையில் விரித்து வைத்தார். எஸ்ஜிபிடி 28, எஸ்ஜிஓடி 24, பிலிருபின் 0.7. "ஏம்மா, ஈரல் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாவ. இனி அந்தத் திரிகடுகப் பொடிய தாராளமா சாப்பிடலாம்லா?" என்று கேட்டார். கேட்கும்போதே ஒரு கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடந்தால் கால் பின்னுகிறது, பேப்பர் படித்தால் எழுத்து ஆடுகிறது என்றுதான் இரண்டு நாளுக்கு முன்னால் டாக்டரிடம் போயிருக்கிறார். அவருக்கு வலிப்பு உண்டு. பல வருஷமாக ராத்திரி ஃபெனிடாயின் 300 மி.கி. அதற்கு முந்தைய பரிசோதனையில் ரத்தத்தில் மருந்து 18 என்று நான் அவருடைய நோட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிலிட்டருக்கு 10-இலிருந்து 20 மைக்ரோகிராம் வரைதான் அந்த மருந்துக்கு இடம். 18 என்பது மேல்விளிம்பு.

டாக்டர் எழுதிக் கொடுத்த இன்னொரு பரிசோதனையின் முடிவு மறுநாள்தான் வந்தது. ஃபெனிடாயின் அளவு 27.

இந்த ஒரு சீட்டை வைத்தே இந்தப் பதிவை எழுத நினைத்தேன். ஏனென்றால் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் குழப்பம் இதில் முழுதாக இருக்கிறது. எஸ்ஜிபிடி என்பது ஈரல் செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி. செல் அடிபட்டால் அது ரத்தத்தில் கசியும். அதை அளந்தால் ஈரலுக்குக் காயம் இருக்கிறதா என்று தெரியும். ஈரல் ஒரு மாத்திரையை எவ்வளவு வேகத்தில் உடைத்து வெளியேற்றுகிறது என்பதை அது சொல்லாது. ஒரு மூலிகை அந்த வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சரி, இரட்டிப்பாக்கினாலும் சரி, ஈரலில் ஒரு செல்கூடச் சாகாமல் இருக்கலாம். ரிப்போர்ட் அழகாக இருக்கும். பாதிப்பு ஈரலில் தெரியாது, அந்த மாத்திரை எந்த உறுப்புக்காகப் போகிறதோ அங்கே தெரியும். மாமாவுக்கு அது காலிலும் கண்ணிலும் தெரிந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது சித்த மருத்துவத்துக்கு எதிரான பதிவு என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் பார்மசி படித்தவள். பாளையங்கோட்டையில் அப்பா ஆரம்பித்த மருந்துக் கடையை நடத்துகிறேன். அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிச் சூரணமும் குடிநீரும் வாங்கிக்கொண்டு, அதே பையோடு எங்கள் கடையில் பிரஷர் மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் தினமும் உண்டு. எங்களுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை. அந்த அண்ணாச்சி சுக்கைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் சளி என்றால் முதலில் அடுப்பில் ஏறுவது கஷாயம்தான், இன்றைக்கும். மூலிகைக்கு வேலை செய்யும் சக்தி இருக்கிறது என்று மனதார நம்புகிறவள் நான். அந்தச் சக்தி இருப்பதால்தான் இந்தக் கவலையும் எனக்கு இருக்கிறது.

ஈரல் மாத்திரையை என்ன செய்கிறது? நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கொழுப்பில் கரையக்கூடியவை. அப்படியே விட்டால் சிறுநீரகத்தால் அவற்றை எளிதில் வெளியேற்ற முடியாது, வடிகட்டியதையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஈரல் அவற்றை நீரில் கரையும் பொருளாக மாற்றுகிறது. இந்த வேலையில் முன்வரிசையில் நிற்பது சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம். மனித உடம்பில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு, ஆனால் மருந்துகளில் பெரும்பகுதியைக் கையாளுவது ஐந்தாறு நொதிகள்தான். ஃபெனிடாயினையும், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரினையும் 2சி9 என்ற நொதி பார்த்துக்கொள்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் டெரிஃபில்லின் என்று கேட்டு வாங்குகிறார்களே, அதில் உள்ள தியோஃபிலினை 1ஏ2. கொழுப்பு மாத்திரைகள் சில, பிரஷர் மாத்திரைகள் சில, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு போடும் மருந்துகள், கருத்தடை மாத்திரை என்று நீளமான பட்டியலைத் தாங்குவது 3ஏ4. இந்த 3ஏ4 ஈரலில் மட்டுமல்ல, குடல் சுவரிலும் இருக்கிறது. மாத்திரையின் ஒரு பகுதி ரத்தத்தில் சேருமுன்பே குடலிலேயே காலியாகிவிடும். மருந்துக் கம்பெனிகள் அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் மி.கி. அளவை முடிவு செய்கின்றன.

மூலிகை குறுக்கிடுவது இரண்டு விதத்தில். நொதியை அடைத்துவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும். நொதியை அதிகமாக உற்பத்தி செய்ய வைத்தால் மருந்து வேலை செய்வதற்குள் கரைந்து போகும். ஈரல் மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும் மருந்துகளும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர்கள் போடும் குளோபிடோகிரெல் அப்படிப்பட்டது. அதில் எல்லாம் தலைகீழ், நொதி அடைபட்டால் மருந்தின் பலன் குறையும்.

ஃபெனிடாயின் விஷயத்தில் இன்னொரு கஷ்டம். பெரும்பாலான மருந்துகளுக்கு ரத்தத்தில் அளவு ஏற ஏற ஈரலும் அதற்கேற்ப வேகமாக உடைக்கும். ஃபெனிடாயினுக்கு அந்த வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதுவும் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்குப் பக்கத்திலேயே. மடை இவ்வளவுதான் விடும் என்றால் அதற்கு மேல் வருகிற தண்ணீர் எல்லாம் வயலில்தானே நிற்கும்? அப்படித்தான் இது. 18-இல் இருப்பவருக்கு மாத்திரையைச் சிறிது கூட்டினாலும், உடையும் வேகம் சிறிது குறைந்தாலும், குடல் சிறிது அதிகமாக உறிஞ்சினாலும் அளவு எதிர்பாராமல் எகிறும். 20-ஐத் தாண்டினால் கண்மணி ஆடும், 30-ஐ நெருங்கினால் நடை தள்ளாடும், 40-இல் மயக்கமும் குழப்பமும் வரும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. மாமாவுக்கு 27-லேயே நடை போய்விட்டது.

அவர் தினம் இரண்டு வேளை தேனில் குழைத்துச் சாப்பிட்டது சுக்கு, மிளகு, திப்பிலி. மிளகிலும் திப்பிலியிலும் பிப்பரின் இருக்கிறது, நாக்கில் சுரீர் என்று ஏறும் அந்தக் காரம் அதுதான். நம் பண்டைய மருத்துவத்தில் எத்தனை மருந்துகளில் திரிகடுகம் சேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நோய் எதுவானாலும் இந்த மூன்றும் கூட வரும். ஏன் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஜம்முவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தில் சி. கே. அடல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் வேலை செய்தார்கள். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளைத் திப்பிலியோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது ரத்தத்தில் அதன் அளவு பெருமளவு கூடியதை 1981-இல் வெளியிட்டார்கள். 1985-இல் அதே குழு, பிப்பரின் ஈரலில் மருந்தை உடைக்கும் நொதிகளை வலுவாகத் தடுக்கிறது என்று காட்டியது. இருமலுக்கு ஆடாதோடையோடு திப்பிலி சேர்த்த நம் முன்னோருக்குப் பலன் கூடுகிறது என்பது தெரிந்திருந்தது. அது எந்த வழியில் கூடுகிறது என்பதன் ஒரு பகுதியை ஜம்முக்காரர்கள் திறந்து காட்டினார்கள்.

அதே அறிவை வைத்து இந்தியாவில் ஒரு காசநோய் மாத்திரையே வந்திருக்கிறது. வழக்கமாக 450 மி.கி. கொடுக்கும் ரிஃபாம்பிசினை 200 மி.கி. ஆக்கி, அதோடு 10 மி.கி. பிப்பரின் சேர்த்து, காடிலா பார்மசூட்டிகல்ஸ் அதை ரிசோரின் என்ற பெயரில் கொண்டுவந்தது. பத்து மில்லிகிராம் மிளகுச் சத்து ஒரு மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே இறக்க உதவுமானால், அதே சத்து யாருக்கும் தெரியாமல் இன்னொரு மாத்திரையோடு சேரும்போது என்ன ஆகும் என்று நாம் கேட்டே ஆக வேண்டும். சண்டிகரில் வலிப்பு நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே ஃபெனிடாயின் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 20 மி.கி. பிப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் மருந்து ஏறியது. 2006-இல் வந்த ஆய்வு அது. கார்பமசெபினுக்கும் அதே ஊரில் அதே முடிவு. அதற்கு முன் 1991-லேயே, 20 மி.கி. பிப்பரினை ஏழு நாள் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களிடம் புரோபிரனலாலும் தியோஃபிலினும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

மாமாவின் 27-க்கு அந்தப் பொடிதான் காரணம் என்று ஓர் ஆளை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். டாக்டர் மாத்திரை அளவை மாற்றவில்லை, பொடியை மட்டும் நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்து எடுத்ததில் 19. நடையும் சரியானது. எனக்கு இது போதும்.

இதைச் சொன்னால் எல்லோரும் உடனே கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. 20 மி.கி. பிப்பரின் என்றால் அரை கிராம் மிளகுகூட வேண்டாமே, அப்படியென்றால் மிளகு ரசம் விடக்கூடாதா? நல்ல கேள்வி. மிளகில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு பிப்பரின். கணக்குப்படி ஒரு கிண்ணம் ரசத்திலேயே அது வந்துவிடும். ஆனால் டாக்டர் உங்களுக்கு மாத்திரை அளவை முடிவு செய்தபோது நீங்கள் ரசம் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். வீட்டுச் சாப்பாடு ஏற்கெனவே அந்த அளவுக்குள் அடங்கியிருக்கிறது. தினமும் சாப்பிடுவதைத் தினமும் போல் சாப்பிடுங்கள். ஆபத்து வருவது திடீர் மாற்றத்தில். நேற்று வரை இல்லாத ஒரு சூரணம் இன்று முதல் காலை மாலை, ஒரு மண்டலம். அல்லது ஆறு மாதமாகக் குடித்த ஒன்றை இன்று சட்டென்று விடுவது. இந்த இரண்டாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

அதற்கு நம் ஊர் மூலிகையை விட ஓர் ஐரோப்பிய மூலிகை நல்ல உதாரணம், அதுவும் எங்கள் கடைக்கே வந்த உதாரணம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பையன், அப்பா போன பிறகு அம்மா மனசு விட்டுப்போய் இருக்கிறாள் என்று அங்கே மருந்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி அனுப்பியிருந்தான். ஆச்சி அதை அப்படியே கொண்டுவந்து, "இது மூலிகைதான்னு பிள்ள சொல்லுதான், நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றார். டப்பாவில் மஞ்சள் பூப் படம், யொஹானிஸ்க்ரவுட் என்று பெயர். ஆங்கிலம் பேசும் நாடுகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்கிறார்கள். லேசான மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் பயன்படும் செடி, பலனும் உண்டு. ஆனால் ஆச்சிக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க ஏசிட்ரோம் போடுகிறார். டப்பாவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி, அங்கேயே பையனுக்கு போன் போட்டுப் பேசினேன். மனச்சோர்வுக்கு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தோம்.

ஏன் அவ்வளவு அவசரம்? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் லான்செட் இதழில் ஒன்றாக வந்த இரண்டு செய்திகளைப் படித்தவர்கள் யாரும் அந்தச் செடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சூரிச்சில் இதய மாற்று செய்துகொண்டு நன்றாக இருந்த இருவர் இந்த மூலிகையைத் தொடங்கினார்கள். புது இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் காப்பது சைக்ளோஸ்போரின். ரத்தத்தில் அது சரிந்தது, உடம்பு இதயத்தை எதிர்க்கத் தொடங்கியது. மூலிகையை நிறுத்தியதும் அளவு திரும்ப ஏறியது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்டு ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் எச்ஐவி மருந்தான இண்டினாவிரைச் சோதித்தார்கள். மூலிகையோடு எடுத்தபோது உடம்புக்குக் கிடைத்த மருந்து 57 சதவீதம் குறைந்தது. எச்ஐவி கிருமி மருந்துக்குப் பழகிப்போக அந்தச் சரிவு போதும்.

காரணமும் அதே வருடம் தெரிந்துவிட்டது. அந்தச் செடியில் உள்ள ஹைபர்ஃபோரின் என்ற பொருள், ஈரல் செல்லுக்குள் பிஎக்ஸ்ஆர் என்ற ஏற்பியில் போய் உட்காருகிறது. வெளியிலிருந்து அந்நியப் பொருள் வந்திருக்கிறது என்று செல்லுக்குச் சொல்வதே பிஎக்ஸ்ஆரின் வேலை. செய்தி கிடைத்ததும் செல் 3ஏ4 நொதியை நிறைய உற்பத்தி செய்கிறது. ஈரல் தன் கடமையைத்தான் செய்கிறது. உள்ளே வந்தது உயிர்காக்கும் மாத்திரையா நச்சா என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் இதே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. அதனால்தான் டிபி மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் கருத்தடை மாத்திரையை நம்பி இருக்க வேண்டாம் என்று சொல்கிறோம்.

இப்போது நிறுத்துவதைப் பற்றி. நொதியைப் பெருக்கும் மூலிகையோ மருந்தோ வேலை காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஏனென்றால் நொதி புதிதாக உற்பத்தியாக வேண்டும். நிறுத்தினாலும் அதிகப்படி நொதி கரைய அதே போல் ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒருவர் மூலிகையைச் சொல்லாமல் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் பரிசோதனை பார்த்து, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். பிறகு யாரோ சொல்லி அவர் மூலிகையை நிறுத்துகிறார், அதையும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ஈரல் பழைய வேகத்துக்கு வந்துவிடும். கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே இருக்கும். வால்வு வைத்தவருக்கு அது ரத்தக் கசிவில் போய் முடியலாம். ஆகவே இதைப் படித்துவிட்டுப் பயந்து, மாதக்கணக்காகச் சாப்பிடும் எதையும் இன்று இரவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, தேவையான பரிசோதனையோடு நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் வாங்கும் ஞாபகசக்தி சிரப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கபுஷ்பி என்ற பெயரில் வரும் ஆயுர்வேத சிரப்பை எடுத்த இரண்டு வலிப்பு நோயாளிகளுக்கு, அதுவரை அடங்கியிருந்த வலிப்பு மறுபடி வந்ததை மும்பையில் கவனித்தார்கள். அவர்கள் ஃபெனிடாயினில் இருந்தவர்கள். பிறகு எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் ஃபெனிடாயினும் குறைந்தது, வலிப்பைத் தடுக்கும் பலனும் குறைந்தது. 1992-இல் வெளியான கட்டுரை இது. மிளகு ஃபெனிடாயினை ஏற்றுகிறது, இந்த சிரப் இறக்குகிறது. ஒரே மாத்திரை, இரண்டு எதிரெதிர்த் திசை. "மூலிகை மருந்தோடு சேரலாமா கூடாதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் போவதற்கு இதுதான் காரணம். எந்த மூலிகை, எந்த மாத்திரை என்று இரண்டு பெயரும் வேண்டும்.

அடுத்து, எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லும் ஒரு யோசனை: "அரை மணி நேரம் முன்ன பின்ன சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது." சில விஷயங்களில் இது சரி. இசப்கோல் போன்றவை வயிற்றிலேயே மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இரும்புச் சத்தும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை அப்படித்தான் தடுக்கும். அங்கே இடைவெளி உதவும். தைராய்டுக்கு நான்கு மணி நேரம் விடச் சொல்கிறோம். நொதி விவகாரத்தில் கடிகாரம் உதவாது. இதற்குக் கிரேப்ஃப்ரூட் பழத்தின் கதையைச் சொல்கிறேன். கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்பவரின் குழு, பிரஷர் மருந்தான ஃபெலோடிபினை மதுவோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் புறப்பட்டது. மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து நினைத்ததை விட மிக அதிகமாக இருந்தது. தேடிப் பார்த்தால் காரணம் சாறு. 1991-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரோடு விழுங்கியதை விடச் சாற்றோடு விழுங்கியபோது சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு மருந்து உடம்பில் சேர்ந்தது. அந்தப் பழத்தில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடல் சுவரில் இருக்கும் 3ஏ4-ஐ அடைப்பதோடு நிற்பதில்லை, நிரந்தரமாகச் செயலிழக்க வைத்துவிடுகின்றன. குடல் புது நொதி செய்து முடிக்கும்வரை, அதாவது ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை, பாதிப்பு தொடரும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துவைத்துப் பயனில்லை.

கிரேப்ஃப்ரூட் நம் ஊரில் எங்கே என்று கேட்கலாம். அதன் தாய்வழிப் பழம் பம்பளிமாஸ் நம் தோட்டங்களில் இருக்கிறதே. குற்றாலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு தம்பி, சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், டாக்ரோலிமஸ் எடுக்கிறார். வீட்டு மரத்தில் காய்த்தது என்று எனக்கு இரண்டு பம்பளிமாஸ் கொண்டுவந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்பிடுறீங்களா?" என்று முதலில் அதைத்தான் கேட்டேன். இதே பழத்தால் சிறுநீரக மாற்று நோயாளி ஒருவருக்கு டாக்ரோலிமஸ் ஏறியதை ஜப்பானில் 2003-இல் எழுதியிருக்கிறார்கள். டாக்ரோலிமஸ் அதிகமானால் எந்தச் சிறுநீரகத்தைக் காப்பதற்காக அதைப் போடுகிறோமோ அதையே கெடுக்கும். தம்பி சாப்பிடவில்லை, ஆனால் அவருக்கு யாரும் சொல்லியும் இருக்கவில்லை. கசப்பு பிடிக்காது, அவ்வளவுதான். இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஈரலையே நேரடியாகக் காயப்படுத்தும் மூலிகைப் பிரச்சினை வேறு. கொரோனா காலத்தில் சீந்தில் அளவுக்கு மீறிக் குடித்த சிலருக்கு மஞ்சள்காமாலை வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதியதும், அதற்கு வந்த மறுப்புகளும் அந்த வகை. அங்கே எஸ்ஜிபிடி ஏறும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லா மாத்திரைக்கும் நான் இப்படிப் பதறுவதில்லை. காய்ச்சலுக்கு இரண்டு நாள் நிலவேம்புக் குடிநீர் குடித்துக்கொண்டு பாராசிட்டமால் வாங்குகிறவரை நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பதில்லை. பலனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவாக உள்ள மருந்துகள்தான் என் கவலை. வலிப்பு மருந்துகள், ஏசிட்ரோம், வார்ஃபரின், டிகாக்சின், தியோஃபிலின், உறுப்பு மாற்று மருந்துகள், எச்ஐவி மருந்துகள், புற்றுநோய் மாத்திரைகள். இவற்றில் ஒன்று சீட்டில் இருந்தால் சில்லறை எண்ணிக் கொடுக்கும் முன் கேட்டுவிடுவேன். "நாட்டு மருந்து சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். லேகியம் அவர்களுக்கு மருந்தில்லை, ஆன்லைனில் வந்த மாத்திரை சத்து மாத்திரை, கஷாயம் சாப்பாடு. அதனால் "காலையில வெறும் வயித்துல என்ன குடிக்கிறீங்க, ராத்திரி படுக்கும்போது என்ன?" என்று கேட்கிறேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வரும். லேபிள் இல்லாத பொட்டலத்தில் மூட்டுவலிப் பொடி என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பேன், ஏனென்றால் அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது உண்டு.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "ஏசுவாங்கம்மா." சித்த மருத்துவரிடம் ஏன் மாத்திரைச் சீட்டைக் காட்டவில்லை என்றாலும் அதே பதில். இரண்டு பக்கமும் ஏச்சுக்குப் பயந்து, நடுவில் நிற்கும் நோயாளி இரண்டையும் தன் உடம்புக்குள் ரகசியமாகக் கலக்கிறார். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நோயாளி வாயைத் திறக்காததற்கு அவரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. கேட்கிறவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தானே யாரும் பேசுவார்கள்?

எங்கள் தெருவில் நானும் அண்ணாச்சியும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஃபெனிடாயின், ஏசிட்ரோம், டாக்ரோலிமஸ் போன்ற பெயர்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அவருக்குக் கொடுத்தேன், கல்லாப் பக்கம் ஒட்டியிருக்கிறார். திரிகடுகமோ திப்பிலி ரசாயனமோ மாதக்கணக்குக்குக் கேட்டு வருகிறவரிடம், "இதுல எதாவது சாப்பிடுதியளா?" என்று அந்தத் தாளைக் காட்டுவார். ஆம் என்றால் அவரே ஆளை என்னிடம் அனுப்புகிறார், நான் அவர்களுடைய டாக்டருக்குச் சீட்டில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன்: மூலிகையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி. வியாபாரம் போகிறதே என்று அண்ணாச்சி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இப்படி ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால் அதைப் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. மருந்து பாதுகாப்புக் கண்காணிப்புக்கான இந்தியத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே கூப்பிடலாம், நிரூபணம் வேண்டாம், சந்தேகம் போதும். மருத்துவமனைகளிலும் எங்களைப் போன்ற கடைகளிலும் நிரப்பும் படிவத்தில், கூடவே எடுத்துக்கொண்ட மற்ற மருந்துகளைக் கேட்கும் இடத்தில், தானாக வாங்கிச் சாப்பிட்டதையும் மூலிகை மருந்துகளையும் எழுதச் சொல்லியே இருக்கிறது. மாமாவின் விஷயத்தில் அந்தக் கட்டத்தில் திரிகடுகச் சூரணம், காலை மாலை, தேனில் என்று எழுதி அனுப்பினோம்.